தீர்ப்பு சொல்லாதவரிடம் எதற்குப் போக வேண்டும்? அரசு ஊழியர்களுக்கான ஆம்புட்ஸ்மன்

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகப் போகிறது. ஆறு பேர் உழைத்திருக்கிறார்கள். யார் பெயரை முதலில் போடுவது? வெளியிலிருந்து பார்த்தால் அற்ப விஷயம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கும் குடும்பங்களைப் பார்த்த நமக்கு அது அற்பமில்லை என்று புரியும். உயிரியல், மருத்துவ ஆய்வுகளில் வழக்கமாக முதல் பெயர் அதிகம் உழைத்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் சிக்கியவர்களை அடுத்த வேலைக்கான நேர்காணலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அமெரிக்காவில், வாஷிங்டனை ஒட்டிய பெதஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவனங்கள் என்ற மத்திய அரசு அமைப்பு இருக்கிறது. சுருக்கமாக என்ஐஎச். 27 நிறுவனங்களும் மையங்களும் சேர்ந்தது. அங்கே ஆய்வு செய்பவர்களில் பலர் அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். பெயர் வரிசைச் சண்டை அவர்களுக்குப் புதிதில்லை. இதில் பெரும்பாலும் யாரும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போக வழியில்லை. மனிதவளப் பிரிவிடம் போனால் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று அவர்களுக்கே தெரியாது. மேலதிகாரியிடம் சொல்லலாம் என்றால் சண்டையே அவரோடுதான். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாத இப்படிப்பட்ட தகராறுகளுக்கும் சேர்த்துத்தான் 1990களின் பிற்பகுதியில் அங்கே ஓர் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தைத் தொடங்கினார்கள். முதலில் சோதனை முயற்சியாக, பிறகு அமைப்பு முழுவதற்கும்.

ஆம்புட்ஸ்மன் என்றதும் நமக்கு வங்கிதான் ஞாபகம் வரும். ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவோமே, அவர். 1995இலிருந்து இந்தியாவில் அந்த ஏற்பாடு இருக்கிறது. லோக்பால், லோக் ஆயுக்தா எல்லாம் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தின் மூதாதை ஸ்வீடன். 1809இல் அந்நாட்டு அரசியல் சட்டம், அதிகாரிகள் சட்டப்படி நடக்கிறார்களா என்று பார்க்க நாடாளுமன்றத்தின் சார்பில் ஒருவரை வைத்தது. அவர் புகார் வாங்குவார், விசாரிப்பார், தவறு யாருடையது என்று சொல்வார்.

இந்தக் கட்டுரையில் பேசப்போவது பெயரை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்ட வேறொருவரைப் பற்றி. இவர் நிறுவனத்துக்கு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பொதுமக்கள் இவரிடம் வர மாட்டார்கள். அங்கே வேலை செய்பவர்கள்தான் வருவார்கள். முக்கியமாக, இவர் விசாரிக்க மாட்டார், தீர்ப்பும் சொல்ல மாட்டார். அமெரிக்காவில் ஆண்பால் வாடையைத் தவிர்க்க 'ஆம்புட்ஸ்' என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நமக்கும் அதுவே வசதி.

இந்த உள்வீட்டு ஆம்புட்ஸ் முதலில் வேர்விட்டது அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில். 1960களில் மாணவர் கொந்தளிப்பு நடந்த காலம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 1967இல் ஒருவரை நியமித்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1973இல் சேர்ந்த மேரி ரோ இந்த வேலைக்கு ஓர் உருவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர். பெரிய அநியாயம் என்று சொல்ல முடியாத, ஆனால் தினமும் ஊசியாகக் குத்தும் சின்னச் சின்ன அவமதிப்புகளைப் பற்றி அவர் நிறைய எழுதியிருக்கிறார். கூட்டத்தில் ஒருவர் பெயரை மட்டும் சொல்லாமல் விடுவது, ஒருவருடைய யோசனையை இன்னொருவர் சொன்னதாகக் குறிப்பது, இந்த ரகம். எழுதிக் கொடுத்தால் புகாராகத் தேறாது. ஆனால் மனிதர்கள் வேலையை விட்டுப் போவது பல நேரம் இதனால்தான்.

மத்திய அரசு அலுவலகங்களைப் பொறுத்தவரை, தகராறுகளை வழக்குக்கு வெளியே தீர்க்கும் முறைகளைப் பற்றிய அமெரிக்கச் சட்டம் 1996இல் திருத்தப்பட்டபோது, ஆம்புட்ஸும் அந்த முறைகளில் ஒன்று என்று எழுதிச் சேர்த்தார்கள். 2016இல் அமெரிக்க நிர்வாக மாநாடு என்ற அரசு ஆலோசனை அமைப்பு, எல்லாத் துறைகளும் ஆம்புட்ஸ் வைப்பதைப் பரிசீலிக்கலாம் என்று பரிந்துரைத்தது. வைத்தால் சுதந்திரம், ரகசியம், நடுநிலை மூன்றும் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சர்வதேச சங்கம் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது: முறைசாராமை. அதாவது விசாரணை, தண்டனை போன்ற முறையான நடவடிக்கை எதிலும் ஆம்புட்ஸ் பங்கெடுக்கக் கூடாது.

இந்த நான்கையும் ஒவ்வொன்றாக விளக்கினால் பாடப்புத்தகம் ஆகிவிடும். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். முழுக்கக் கற்பனைதான், ஆனால் இந்த மாதிரி விஷயங்கள் எப்படி நகரும் என்பதைக் காட்டும்.

ஓர் அரசு ஆய்வகத்தில் ஒரு பெண் விஞ்ஞானி. மூன்று வருடம் ஒரே ஆய்வில் இருக்கிறார். குழந்தை பிறந்து 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பில் போகிறார். (2020 அக்டோபரிலிருந்து அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களில் பெரும்பாலோருக்கு அந்த உரிமை உண்டு. அந்த நாட்டில் அது பெரிய விஷயம்.) திரும்பி வந்து பார்த்தால் கட்டுரையின் வரைவில் முதல் பெயர், புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞருடையது. இவர் பெயர் இரண்டாவது. ஆய்வகத் தலைவரிடம் கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்கிறார். அந்த அப்புறம் வருவதாக இல்லை.

அவர் ஆம்புட்ஸ் அலுவலகத்துக்குப் போகிறார். கொட்டித் தீர்க்கிறார். ஆம்புட்ஸ் குறுக்கே பேசாமல் கேட்கிறார். அங்கே யாரும் அழுதால் அது கோப்பில் ஏறாது. கேட்டு முடித்ததும் நம்மூர்ப் பஞ்சாயத்தில் என்ன நடக்கும்? "எதிராளியைக் கூப்பிடு" என்பார்கள். இங்கே அப்படி யாரையும் கூப்பிடுவதில்லை. ஆம்புட்ஸ் கேட்பது வேறு கேள்வி: "ஆறு மாதம் கழித்து இந்த ஆய்வகத்தில் நீங்கள் எப்படி இருக்க விரும்புகிறீர்கள்?"

எளிய கேள்விதான், ஆனால் பதில் சுலபமில்லை. முதல் பெயர் வேண்டுமா? தலைவர் தவறை ஒப்புக்கொள்ள வேண்டுமா? இதே ஆய்வகத்தில் நீடிக்க வேண்டுமா, வேறிடம் போக நல்ல பரிந்துரைக் கடிதம் போதுமா? கோபத்தில் இருக்கும்போது இவை எல்லாம் ஒன்றாகக் கட்டி உருண்டு கிடக்கும். அந்தக் கட்டைப் பிரிப்பதிலேயே முதல் சந்திப்பு முடிந்துவிடலாம்.

அடுத்து, முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று விரித்துக் காட்டுவார். தானே தலைவரிடம் பேசலாம். ஆம்புட்ஸ் இவருக்காகத் தலைவரிடம் போய்ப் பேசலாம். இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். பெயர் வரிசைத் தகராறுகளுக்கு நிறுவனத்தில் தனி நடைமுறை இருந்தால் அதற்குப் போகலாம். பிள்ளை பெற்றதால்தான் ஓரங்கட்டப்பட்டோம் என்று அவர் நினைத்தால் பாகுபாட்டுப் புகார் கொடுக்கலாம். எதுவுமே செய்யாமலும் இருக்கலாம். அதுவும் ஒரு வழிதான், அதற்கும் ஒரு விலை உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை மட்டும் அவர் சொல்ல மாட்டார். "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று பலரும் கேட்பார்கள். பதில் கிடைக்காது. ஆரம்பத்தில் இது எரிச்சலூட்டும்.

இந்த இடத்தில் காலண்டர் முக்கியம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர் ஒருவர் பாகுபாட்டுப் புகார் எழுப்ப வேண்டுமானால், சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் தன் துறையின் சம வேலைவாய்ப்பு ஆலோசகரைத் தொடர்புகொள்ள வேண்டும். வேலைநீக்கம் போன்ற பெரிய நடவடிக்கையை எதிர்த்து அதற்கான வாரியத்தில் முறையிடுவதற்குப் பொதுவாக 30 நாள். ஆம்புட்ஸ் அறையில் ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் கடிகாரம் நிற்காது. அவரிடம் சொல்லிவிட்டோமே, நிர்வாகத்திடம் சொன்ன மாதிரிதானே என்று நினைத்தால் அது தப்பு. அவரிடம் சொன்னது நிர்வாகத்துக்குச் சொன்னதாகாது. ரகசியம் காப்பவருக்கு வேண்டிய நிபந்தனை அது. நல்ல ஆம்புட்ஸ் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவார். சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டுவிடுங்கள். ஐக்கிய நாடுகள் சபை இதில் கொஞ்சம் தாராளம். அங்கே 2002இலிருந்து ஊழியர்களுக்கு ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. 2009 ஜூலையில் அவர்களுடைய உள் நீதி அமைப்பைப் புதிதாகக் கட்டியபோது, ஆம்புட்ஸ் மூலம் சமரச முயற்சி நடக்கும்போது காலக்கெடுவை நீட்டிக்கவும் வழி வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான ஏற்பாடு. பேசிப் பார்க்க நினைத்ததற்காக ஒருவர் வழக்குப் போடும் உரிமையை இழப்பது என்ன நியாயம்?

சரி, நம் விஞ்ஞானிக்கு வருவோம். காலண்டரில் 45ஆவது நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, முதலில் பேசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்கிறார். ஒத்திகை பார்க்கிறார்கள். அவர் தயார் செய்து வந்த முதல் வாக்கியம்: "நான் இல்லாத நேரம் பார்த்து என்னை ஏமாற்றிவிட்டீர்கள்." ஆம்புட்ஸ், ஆய்வகத் தலைவரைப் போல உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டுவிட்டு, "இதைக் கேட்டதும் எனக்கு என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தோன்றுகிறது" என்கிறார். நாலைந்து முறை மாற்றிய பிறகு வாக்கியம் இப்படி வந்து நிற்கிறது: "விடுப்புக்குப் போகும் முன் கட்டுரையைப் பற்றி நாம் பேசினோம். முதல் பெயர் என்னுடையது என்று நான் புரிந்துகொண்டேன். நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள்?" கோபம் குறைந்துவிடவில்லை. ஆனால் இதற்குத் தலைவர் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண்ணின் அனுமதியோடு ஆம்புட்ஸ், ஆய்வகத் தலைவரையும் தனியாகச் சந்திக்கிறார். அனுமதி இல்லாமல் இந்த அடியை எடுத்து வைக்கவே மாட்டார். இப்போது தலைவரின் பக்கம் தெரியவருகிறது. ஆய்விதழ் கூடுதலாக ஒரு பரிசோதனை கேட்டது, கெடு வைத்தது. புதிய இளைஞர் இரவு பகலாக உட்கார்ந்து செய்து முடித்தார். அந்தப் பதற்றத்தில் "உன் பெயர் முதலில் வரும்" என்று தலைவர் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கைக்குழந்தையோடு இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றுதான் மெயில்கூட அனுப்பவில்லையாம். அக்கறையாக நினைத்துச் செய்ததுதான் மற்றவருக்கு ஓரங்கட்டியதாகத் தெரிந்திருக்கிறது. அதற்காகத் தலைவர் செய்தது சரி என்று ஆகிவிடாது. ஆனால் கதை இரண்டு பேருடையதில்லை, மூன்று பேருடையது என்று ஆகிவிட்டது. இதுவரை யாரும் அந்த இளைஞரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூவரும் பேசிய பிறகு என்ன கிடைக்கலாம்? இருவரும் சமமாகப் பங்களித்ததாகக் கட்டுரையில் குறிப்பு. வரிசையில் அந்தப் பெண்ணின் பெயர் முதலில். அதே தரவிலிருந்து வரும் அடுத்த கட்டுரைக்கு இளைஞர் முதல் பெயர். யாருக்கும் முழு வெற்றி இல்லை. பேச்சு முறிந்தும் போகலாம். அப்படி முறிந்தால் அந்தப் பெண் 45 நாளுக்குள் புகார் கொடுக்கப் போகலாம். அந்தக் கதவு சாத்தப்படவில்லை. முறிந்த பேச்சில் யார் முரண்டு பிடித்தார்கள் என்று ஆம்புட்ஸ் எங்கும் சாட்சி சொல்ல மாட்டார்.

நம் அலுவலகங்களிலும் இந்த வேலையைச் செய்கிற ஆள் உண்டு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் ஒரு பெரியவர். டீக்கடையில் வைத்து, "விடுப்பா, அவர் அப்படித்தான், நான் பேசிக்கிறேன்" என்பார். பல நேரம் பேசியும் முடித்துவிடுவார். ஆனால் அவர் யாருக்குப் பழக்கம், எந்தச் சங்கம், எந்த ஊர் என்று எல்லாருக்கும் தெரியும். நீங்கள் சொன்னது மறுநாள் வேறு மேசையில் கேட்கும். அந்தப் பெரியவருக்கு ரகசியம் காக்கும் கடமையையும், யார் பக்கமும் சாயக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் கொடுத்து, நிர்வாகப் படிநிலைக்கு வெளியே ஓர் அறையில் உட்காரவைத்தால் கிட்டத்தட்ட ஆம்புட்ஸ் வந்துவிடுவார்.

அதிகாரம் எதுவும் இல்லாதவரிடம் போய் என்ன பயன் என்ற கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. அவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் இருந்தால் தலைவர் வக்கீலோடு வருவார், வாயைத் திறக்க மாட்டார். கோப்பு எழுதும் அதிகாரம் இருந்தால் அந்தப் பெண்ணே பாதியைத்தான் சொல்வார். கையில் ஒன்றும் இல்லாதவர் என்பதால்தான் "ஆமாம், அவசரத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு பெரிய மனிதர் அவரிடம் ஒப்புக்கொள்கிறார்.

ரகசியம் என்றால் முழு ரகசியமா? யாருடைய உயிருக்காவது உடனடி ஆபத்து என்று தெரிந்தால் ஆம்புட்ஸ் வாய் திறப்பார். அது எல்லாருக்கும் தெரிந்த விதிவிலக்கு. நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும் என்பதில்தான் சிக்கல். மெக்டொனல் டக்ளஸ் என்ற விமான நிறுவனம் சம்பந்தப்பட்ட இரண்டு வழக்குகள் இந்தத் தொழிலில் அடிக்கடி பேசப்படுபவை. 1991இல் மிசூரியில் ஒரு மாவட்ட நீதிமன்றம், ஆம்புட்ஸிடம் பேசியதை வெளியிட வேண்டியதில்லை என்றது. 1997இல் அதற்கு மேலான மேல்முறையீட்டு நீதிமன்றம், வேறொரு வழக்கில், அப்படி ஒரு சிறப்புச் சலுகையை ஏற்க மறுத்துவிட்டது. தனியார் நிறுவன வழக்குகள்தான் இவை. மத்திய அரசு அலுவலகங்களில் முன்னே சொன்ன 1996 சட்டம், தகராறு தீர்க்கும் பேச்சுகளுக்கு ஓரளவு பாதுகாப்புக் கொடுக்கிறது. இருந்தாலும் அனுபவமுள்ள ஆம்புட்ஸ்கள், ஆட்களை அடையாளம் காட்டும் நிரந்தரப் பதிவுகளையே வைத்துக்கொள்வதில்லை. இல்லாத காகிதத்தை யாரும் கேட்டு வாங்க முடியாது.

நடுநிலை பற்றி எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. சம்பளம் கொடுப்பது நிறுவனம். அவர் எப்படி நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் நடுவில் நிற்பார்? அதனால்தான் அவரை மனிதவளப் பிரிவின் கீழோ சட்டப் பிரிவின் கீழோ வைக்காமல், நேராகத் தலைமையோடு பேசும் இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். அது உதவும். ஆனால் இன்னொன்று மிஞ்சுகிறது. ஒரு பக்கம் முப்பது பேரை வேலைக்கு வைத்திருக்கும் ஆய்வகத் தலைவர், மறுபக்கம் வேலை போனால் விசாவும் போய்விடும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர். இருவருக்கும் சரிசமமாகப் பத்து நிமிடம் பேச நேரம் கொடுத்துவிட்டால் அது நடுநிலை ஆகிவிடுமா? ஆகாது. வாய்ப்பேச்சில் பலவீனமானவருக்கு ஒத்திகையில் அதிக நேரம் கொடுப்பதும், மேலே உள்ளவரிடம் கடினமான கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்பதும் நடுநிலைக்கு உட்பட்டதுதான் என்று நினைக்கிறேன். ஆள் பக்கம் சாயக் கூடாது, முறை நியாயமாக நடக்க வேண்டும் என்பதில் மட்டும் சாயலாம்.

எல்லாத் தகராறுக்கும் இவர் மருந்தில்லை. பாலியல் தொல்லை, லஞ்சம், அடிதடி என்று யாரோ ஒருவர் தண்டிக்கப்பட வேண்டிய விஷயமாக இருந்தால், பதிவு வேண்டும், விசாரணை வேண்டும். அதற்கு முறையான புகார்தான் வழி. ஆம்புட்ஸிடம் போய் அந்த வழி எது என்று கேட்டுக்கொள்ளலாம், பயம் இருந்தால் அதைப் பேசலாம். அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் உரிமை மறுக்கப்பட்டால் தொழிற்சங்கம்தான் சரியான இடம். சங்கம் உங்கள் பக்கம் நிற்கும். ஆம்புட்ஸ் நிற்க மாட்டார்.

தனி வழக்குகளைவிட எனக்குச் சுவையாகப் படுவது அவருடைய இன்னொரு வேலை. நம் கற்பனை ஆம்புட்ஸ் அந்த வருடம் விடுப்பிலிருந்து திரும்பிய மூன்றாவது பெண்ணைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கதையும் வேறு வேறு ஆய்வகம், ஆனால் விஷயம் ஒன்று. அப்போது அவர் தலைமையிடம் போய், பெயர், பிரிவு எதையும் சொல்லாமல், "நீண்ட விடுப்புக்கு முன் கட்டுரைப் பங்கீட்டை எழுதி வைக்கும் வழக்கம் இங்கே இல்லை, அதனால் சண்டை வருகிறது" என்று சொல்லலாம். புகார்ப் பெட்டியில் ஒரு காகிதம்கூட விழாத விஷயம் நிர்வாகத்தின் காதுக்குப் போகும். ஐ.நா.வில் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் செய்யும் வேலைகளைப் பற்றிப் பொதுச் சபைக்கே வருடாந்திர அறிக்கை போகிறது. அமைப்பு முழுவதும் தெரியும் கோளாறுகளையும் அதில் பேசுகிறார்கள். என்ஐஎச்சில் ஹோவர்ட் காட்லின் நீண்ட காலம் ஆம்புட்ஸாக இருந்தார். அவர் காலத்தில், சேர்ந்து ஆய்வு தொடங்கும் விஞ்ஞானிகள் முதல் நாளே தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். யார் எதை எழுதுவது, பெயர் வரிசையை எப்படி முடிவு செய்வது, ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் தரவு யாருக்கு, இந்த மாதிரி. கல்யாணத்துக்கு முன்பே போடும் ஒப்பந்தம் என்று அதைக் கிண்டலாகச் சொல்வார்கள். எத்தனையோ சண்டைகளைக் கேட்டவர்களால்தான் இப்படி ஒரு பட்டியலை எழுத முடியும்.

உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒருவர் இருந்தால், முதல் தொடர்பிலேயே சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது: நீங்கள் யாருக்குக் கீழே வேலை செய்கிறீர்கள்? நான் சொல்வதை எங்கே எழுதி வைப்பீர்கள்? எந்தச் சூழ்நிலையில் வெளியே சொல்வீர்கள்? என் விஷயத்தில் ஓடிக்கொண்டிருக்கும் காலக்கெடு ஏதாவது உண்டா? முதல் கேள்விக்கு "மனிதவளப் பிரிவு" என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள். அப்புறம், நேரம் கேட்க அலுவலக மெயிலில் எழுதுவதாக இருந்தால் ஒரே வரி போதும். கதையை அதில் எழுதாதீர்கள். ஆம்புட்ஸ் காகிதம் வைத்துக்கொள்ளாவிட்டாலும், அலுவலக சர்வர் வைத்துக்கொள்ளும்.